குடும்பத் தாள்: விடுதலை நாள் விழாவை ஒட்டி நூலகத்தில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

2026 ஆகஸ்ட் 15 நாட்டின் 80ஆவது விடுதலை நாள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்து 70 ஆண்டுகள் நிறைவடைகின்றன. இரண்டும் ஒன்றாக வருவதால், கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குடும்ப வரலாற்றை ஒரு தாளில் எழுதி வாசக அறைச் சுவரில் ஒட்டுவது என்று தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் நூலகத்தில் முடிவாயிற்று. மாலை நேரங்களில் அங்கே உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் எல்லா ஐயங்களும் என்னிடம் வந்தன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

குடும்ப வரலாறெல்லாம் பெரிய தறவாட்டுக்காரர்களுக்கு, பெருங்குடும்பத்தாருக்குத்தானே? எங்கள் வீட்டில் எழுத என்ன இருக்கிறது?

நூலகத்துக்கு முதலில் வந்த பொருள் ஒரு பாளையரிவாள், பனம்பாளை சீவும் அரிவாள். கொண்டு வந்த அம்மாளின் பாட்டா பனையேறியவர். பிடியில் அவருடைய விரல் பட்டுப்பட்டு மரம் குழிந்திருந்தது. அவர் எந்த விளையில் (தோப்பில்) ஏறினார், பதநீரை யார் காய்ச்சினார்கள், கருப்பட்டி எந்தச் சந்தைக்குப் போயிற்று, எந்த ஆண்டு ஏறுவதை நிறுத்தினார் என்று கேட்கக் கேட்க, தாள் இருபுறமும் நிரம்பிவிட்டது.

மூன்று தலைமுறைப் பெயர்கள், வீட்டுப் பெயர், செய்த தொழில், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற நான்கும் இருந்தால் தாளுக்குப் போதும்.

எதிலிருந்து தொடங்க வேண்டும்? முதலில் ஆவணங்களா, ஆட்களா?

ஆட்களிலிருந்துதான். ஆவணம் இன்னும் பத்து ஆண்டு பெட்டியில் கிடக்கும். எண்பத்தைந்து வயதுப் பாட்டி காத்திருக்க மாட்டார். அதிலும் பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்கள் பெரும்பாலும் சொத்து வந்த வழியைச் சொல்வார்கள். எந்தக் குழந்தை எந்தக் காய்ச்சலில் போயிற்று, யார் யாரை ஏன் கட்டினார்கள் என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

ஆண்டு கேட்டால் பதில் வராது. நிகழ்ச்சியை வைத்துக் கேட்டால் வரும். "கல்யாணம் எப்போது?" என்பதைவிட "கிழங்கு தின்ற காலத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்பது பயன் தரும். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் போனபோது திருவிதாங்கூர் முழுவதும் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கில்தான் உயிர் பிடித்தது. அந்தப் பசியை அனுபவித்தவர்கள் மறக்கவில்லை. பிற்காலத்துக்கு 1992 நவம்பர் வெள்ளம், கடற்கரை ஊர்களில் 2004 சுனாமி, 2017 ஒக்கிப் புயல் என்று அடையாளக் கற்கள் உண்டு.

அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறதே, அதையே எழுதிவிடலாம் அல்லவா?

எழுதலாம், ஆனால் "பள்ளிச் சான்றிதழின்படி" என்று சேர்த்து எழுதுங்கள். அக்காலத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது வயது எட்டுவதற்காக ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வது வழக்கம். ஊரில் இத்தனை முதியவர்கள் மே மாதத்தில் பிறந்திருப்பது இயற்கையின் செயல் அன்று. வீட்டில் ஜாதகக் குறிப்பு இருந்தால் அதுவே நம்பத்தக்கது. அதில் ஆண்டு கொல்லக் கணக்கில் இருக்கும் என்பதால் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

ஓலையில் 1098 என்று போட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓலையா இது?

வாரத்துக்கு ஒருவராவது கண்கள் விரியக் கேட்கும் கேள்வி இது. அது கொல்லம் ஆண்டு. கிறிஸ்து ஆண்டு 825இல் தொடங்கியது. நம் பக்கம் ஆவணி முதல் நாள் ஆண்டு பிறக்கும். ஆவணி தொடங்கி டிசம்பர் 31 வரையுள்ள நாள்களுக்கு 824ஐயும், ஜனவரி 1 முதல் ஆடி கடைசி வரை 825ஐயும் கூட்ட வேண்டும். மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்திருக்கும்; அங்கே நாளையும் பார்க்க வேண்டும். சரிபார்க்க இரண்டு தேதிகள்: நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 கொல்லம் 1122 ஆடியில் வருகிறது, குடியரசு நாளான 1950 ஜனவரி 26 கொல்லம் 1125 தையில் வருகிறது.

இதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். எங்கள் பாட்டாவின் கல்யாண ஓலையில் "௲௯௰௮௵ கார்த்திகை௴ ௬௳" என்று இருந்தது. ௲ ஆயிரம், ௯௰ ஒன்பது பத்து, அதாவது தொண்ணூறு, ௮ எட்டு, ௵, ௴, ௳ மூன்றும் ஆண்டு, மாதம், நாள் என்பவற்றின் குறிகள். இவ்வளவையும் பெருமையாகப் படித்துவிட்டு, அவசரத்தில் 825ஐக் கூட்டி 1923 நவம்பர் என்று எழுதி உறவினர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். மூத்த அத்தை பிறந்தது 1923 செப்டம்பர். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளை பிறந்ததாக ஆகிவிட்டது; சித்தப்பா மகன் ஒருவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கூட்ட வேண்டியது 824, கல்யாணம் நடந்தது 1922. ஆகையால் ஓலையில் உள்ளதை முதலில் அப்படியே எழுதி, மாற்றிய ஆண்டைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

மலையாள ஆவணங்களில் மாதம் ராசிப் பெயரில் வரும். சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, விருச்சிகம் கார்த்திகை, மகரம் தை, மேடம் சித்திரை, கர்க்கடகம் ஆடி.

1947 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்கிறீர்கள். பாட்டியிடம் கேட்டால் "ஒண்ணும் நடக்கல்ல" என்கிறாரே?

அப்படியே எழுதுங்கள், அது மிகச் சரியான பதிலாக இருக்கலாம். அன்று நாம் வெள்ளைக்காரரின் நேரடி ஆட்சியில் இல்லை. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் ஆட்சியில் இருந்தோம். 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அறிவித்தார். ஜூலை இறுதியில் அவர் தாக்கப்பட்டதற்குப் பிறகு மன்னர் இந்தியாவோடு சேர இசைந்தார். நகரங்களில் கொடி ஏறியது. விளையில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு மறுநாளும் அதே தாசில்தார், அதே சக்கர நாணயம், அதே தீர்வை.

1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்–கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்று, வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே உங்கள் பாட்டி நான்கு ஆட்சிப் பெயர்களைக் கண்டிருக்கிறார். குடும்பத் தாளில் 1947ஐப் பெரிதாக்கியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பெரிய நாள் எது என்பதை எழுதுங்கள். ஒரு குடும்பத்துக்கு அது 1936 நவம்பர் 12, கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த நாள். இன்னொரு குடும்பத்துக்கு முதல் மகள் பள்ளிக்குப் போன நாள்.

பெட்டியில் இருக்கும் ஆதாரம் (சொத்துப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் மலையாளிகளா?

இல்லை, ஆட்சியின் மொழி அது, அவ்வளவே. அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் தமிழில் எழுதப்பட்ட பத்திரங்கள் கிடைக்கின்றன; கல்குளம், விளவங்கோடு என்று மேற்கே போகப்போக மலையாளம் மிகுதி. வீட்டில் பேசிய மொழிக்கு ஆதாரத்தின் எழுத்து சாட்சி ஆகாது.

படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், இணைப்புக்கு முன் மலையாளம் படித்த முதியவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். பழைய பத்திர எழுத்தர்களுக்கு இந்த நடை மனப்பாடம். சில சொற்கள் மட்டும் தெரிந்தாலே பாதி புரியும். ஒற்றி என்பது ஈடு. பாட்டம் என்பது குத்தகை. புரயிடம் வீடும் வீட்டைச் சுற்றிய மனையும். தண்டப்பேர் தீர்வைக் கணக்கில் உள்ள பெயர். பகுதி என்பது வருவாய்க் கிராமம், அதன் அலுவலர் பார்வத்தியகாரர். ஒழிமுறி என்பது உரிமையை விட்டுக்கொடுக்கும் முறி, அதாவது பத்திரம். தாய்வழியில் சொத்துரிமை போகும் மருமக்கள்வழிக் குடும்பங்களில் மணமுறிவுக்கும் இதே சொல் வழங்கியது. ஆகவே ஒழிமுறி என்ற சொல்லைப் பார்த்ததும் சொத்தா, தாம்பத்தியமா என்று முழுவதும் படித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

தாளைத் திருப்பிப் பாருங்கள். முத்திரைத்தாளின் பின்புறத்தில் அதை விற்றவர், வாங்கியவர், தேதி ஆகியவை இருக்கும். பதிவு அலுவலகக் குறிப்பும் சாட்சிகளும் அங்கேதான் இருப்பார்கள். படமே எடுக்கப்படாத ஒரு பூட்டியின் பெருவிரல் ரேகை அப்படி ஒரு தாளின் முதுகில் கறுப்பு மையில் இருந்தது. பேத்தி தன் விரலை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூற்று நாற்பது பணம்" என்று விலை போட்டிருக்கிறது. இன்றைய கணக்கில் எவ்வளவு?

16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் ரூபாய். எனவே 140 பணம் 560 சக்கரம், அதாவது 20 சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பதால் இரண்டும் சமம் இல்லை. இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயல வேண்டாம். அதே ஆதாரத்தில் நெல் விலையோ பாட்ட நெல்லோ இருந்தால் அதனோடு ஒப்பிடுவதே பொருளுள்ள கணக்கு.

ஆதாரமும் இல்லை, ஓலையும் இல்லை. வேறு எங்கே தேடுவது?

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் பதிவேடுகள் பெரும் செல்வம். கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று ஏடுகள் இருக்கும். பழையவற்றில் லத்தீன் வரும், பெயர்கள் லத்தீன் வடிவில் மாறியிருக்கும். ஞானப்பெற்றோரின் பெயரை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய உறவினர். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதால் அதற்கு முந்தைய மேலிடக் கடிதங்கள் கொல்லத்தை நோக்கிப் போகும். சீர்திருத்த சபையினருக்கு, 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன் தொடர்பு உண்டு. அந்த மிஷனின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் கிழக்கத்திய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி நூலகத்தில் உள்ளன. இஸ்லாமியக் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் ஏட்டைப் பார்க்கலாம்.

அரசு ஆவணங்களில் 1956க்கு முந்தைய திருவிதாங்கூர்த் தலைமை அலுவலகக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் உண்டு. (நம் மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையையே கேரள அரசுதான் இன்றும் பராமரிக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இது வியப்பாக இராது.) பழைய பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி ஆள் விவரம் பொதுப் பார்வைக்குக் கிடையாது; அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இந்துக் குடும்பங்கள் பலரும் மறப்பது குலதெய்வக் கோயிலை. பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறீர்கள், எந்த ஊர்க் கொடைக்கு (கோயில் விழாவுக்கு) வரி கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் முன்னோர் புறப்பட்ட ஊர் தெரிந்துவிடும். வரிக்காரர் நோட்டில் தலைமுறை வரிசையே இருக்கலாம்.

ஆதாரத்தில் உள்ள பகுதியும் தாலுகாவும் இன்றைய முகவரியோடு பொருந்தவில்லையே?

அன்று இருந்தவை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள். திருவட்டாறும் கிள்ளியூரும் அண்மையில் பிரிந்தவை. பழைய பெயரை மாற்றாமல் எழுதி, இன்றைய பெயரை அடைப்புக்குறிக்குள் கொடுங்கள்.

அம்மாவன்மார் (தாய்மாமன்மார்) பெயர் ஏழு தலைமுறைக்குத் தெரிகிறது. பூட்டனின் அப்பா யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதாவது மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை. மருமக்கள்வழிக் குடும்பங்களில் சொத்தும் பெயரும் தாய்வழியில் ஓடின; காரணவர் என்பவர் தாய்மாமன். தந்தையின் பெயரை எழுதி வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. திருவிதாங்கூரில் நாயர் சட்டம் 1925இலும் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இலும் வந்த பிறகே மக்கள்வழிக்கு மாறினார்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த முறையை எள்ளி ஒரு மான்மியமே பாடினார். நாஞ்சில் நாட்டுப் பத்திரத்தில் "உகந்துடைமை" என்ற சொல் வந்தால் நின்று படியுங்கள். கணவன் குடும்பத்துச் சொத்திலிருந்து மனைவி மக்களுக்குக் கிடைத்த பங்கு அது, தேடிய தந்தையின் பெயர் அங்கே அகப்படலாம். இத்தகைய குடும்பங்கள் மரத்தைப் பாட்டியிலிருந்து வரைவதே முறை.

பாட்டா தியாகி என்று சொல்கிறார்கள். தாளில் "சுதந்திரப் போராட்ட வீரர்" என்று போட்டுக்கொள்ளலாமா?

எந்தப் போராட்டம் என்று முதலில் கேளுங்கள். 1926 சுசீந்திரம் சத்தியாகிரகம் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்கானது. 1938க்குப் பிறகு ஸ்டேட் காங்கிரஸ் நடத்தியது திவான் ஆட்சிக்கு எதிரான பொறுப்பாட்சிப் போராட்டம். மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்தியது தமிழகத்தோடு இணையும் போராட்டம். அதில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. வீட்டுப் பேச்சில் மூன்றும் "சுதந்திரப் போராட்டம்" என்ற ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன.

சிறைச் சான்று, 1972இல் வழங்கப்பட்ட தாமிரப் பத்திரம், மாநில அரசின் எல்லைக் காவலர் (எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்) உதவித்தொகை ஆணை ஆகியவற்றில் ஒன்று இருந்தால் ஐயம் இல்லை. இல்லாவிட்டால் "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று எழுதுங்கள். ஊர்வலத்தில் தண்ணீர் கொடுத்தவர் என்று தெரிந்தால் தண்ணீர் கொடுத்தவர் என்றே எழுதலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

எங்கள் முன்னோரின் பெயர் எங்கள் வீட்டு ஓலையில் இல்லை. இன்னொருவர் வீட்டு ஓலையில், விற்ற பொருளாக இருக்கிறது. இதையும் சுவரில் ஒட்டுவதா?

இந்தக் கேள்வியைக் கேட்ட இளைஞர் அதைத் தாழ்ந்த குரலில், மற்றவர்கள் போன பிறகு கேட்டார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிப்புப் பிரகடனம் 1855இல் வந்தது. அதற்கு முன் நாஞ்சில் நாட்டில் மனிதர்களை விற்ற ஓலைகள் உள்ளன. அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளில் அவை இருப்பது ஆய்வாளர்கள் அறிந்தது. அந்த ஓலைகளில் வெட்கப்பட வேண்டிய பெயர் விற்கப்பட்டவருடையது அன்று.

ஒட்டுவதா இல்லையா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு பேசி நீங்களே முடிவு செய்யுங்கள். நூலகம் எதையும் கட்டாயப்படுத்தாது. சாதிப் பெயருக்கும் இதே விதி: வீட்டில் வைக்கும் நகலில் ஆவணத்தில் உள்ளபடி இருக்கட்டும், சுவர்த் தாளில் வேண்டாமென்றால் விடலாம். விற்ற வீட்டாரின் இன்றைய வாரிசுகளின் பெயரைச் சுவரில் போடக்கூடாது என்பதை மட்டும் நான் வற்புறுத்தினேன். அந்த இளைஞர் கடைசியில் தாளை ஒட்டச் சம்மதித்தார். நடுவில் பெரிய எழுத்தில் அந்த முன்னோரின் பெயர் மட்டும் இருக்கிறது.

பழைய ஆதாரத்தை வெளியே எடுத்தால் சொத்துத் தகராறு கிளம்பும் என்று மாமா பயப்படுகிறார்.

பயம் நியாயமானது. சர்வே எண், பரப்பு, எல்லை விவரம் எதையும் சுவர்த் தாளில் எழுத வேண்டாம். பெயர், ஆண்டு, தொழில் போதும். மூல ஆதாரத்தை நூலகத்துக்குக் கொண்டு வரவே வேண்டாம், படம் போதும். பங்கு கேட்கும் எண்ணத்தோடு தேடுபவர்கள் வழக்கறிஞரிடம் போகட்டும்.

இலங்கைத் தோட்டத்துக்குப் போன பெரிய பாட்டாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வழி உண்டா?

அவருடைய பிள்ளைகள் 1964 சாஸ்திரி–சிறிமாவோ உடன்பாட்டின்படி திரும்பியிருந்தால், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையைத் தேடுங்கள். அதில் சொந்த ஊர் இருக்கும். கீரிப்பாறைப் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களிடம் விசாரிப்பதும் வீண் போகாது. கடிதங்கள் இருந்தால் உறையை எறிந்துவிடாதீர்கள். திருவிதாங்கூருக்குள்ளேயே அனுப்பிய கடிதங்களில் சங்கு முத்திரை ஒட்டியிருந்தால் அது திருவிதாங்கூர் அஞ்சல். 1951இல் அது இந்திய அஞ்சல் துறையோடு சேர்ந்துவிட்டதால் அந்த உறை அதற்கு முந்தையது.

ஓலையையும் பத்திரத்தையும் லேமினேட் செய்து வைத்துவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. நம் மழையிலும் கடற்காற்றிலும் உள்ளே ஈரம் தங்கினால் எழுத்தே போய்விடும். நிழல் வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத இடத்தில் வையுங்கள். ஓலையில் எண்ணெயோ மையோ நீங்களாகத் தடவ வேண்டாம்.

அண்ணன் ஒரு கதை சொல்கிறார், அத்தை வேறு கதை சொல்கிறார். எதை எழுத?

இரண்டையும், சொன்னவர் பெயரோடு. கல்யாணத் தேதியில் நான் செய்த பிழை வெளிப்பட்டதே இரண்டு தாள்களை அருகருகே வைத்தபோதுதான்.

கடைசியாக எப்போது கொடுக்க வேண்டும்?

ஜூலை 31க்குள் கொடுத்தால் சுவரில் இடம் உறுதி. பின்னால் கிடைப்பவை நவம்பர் 1க்கு ஒட்டப்படும். பாளையரிவாளைக் கொண்டு வந்த அம்மாள், தாளை மட்டும் விட்டுவிட்டு அரிவாளைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். தேங்காய் வெட்ட வேண்டுமாம். பொருள்களை விட்டுச் செல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.